அரை வோல்ட் மௌனம்

"என் அப்பா இளைஞராக இருந்த காலத்து மராண்ட்ஸ் 2270 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மரப்பெட்டி, நீல வெளிச்சம் தரும் டயல், அலுமினியக் குமிழ்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விற்பவர் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறார். இந்த மாதிரி இனி யாராலும் செய்ய முடியாது, இதன் கதகதப்பு டிஜிட்டலில் வராது, தூக்கிப் பாருங்கள் எடையை என்கிறார். வாங்கலாமா?" கோவை வாசகர் ஒருவரின் கேள்வி இது.

வாங்கலாம். விற்பவர் சொல்லும் மூன்று காரணங்களையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

முதல் காரணத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. உள்ளங்கை அகலப் பலகையில் ஒற்றை ஐசியை வைத்துச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் இன்றைய கிளாஸ்-டி ஆம்ப்கள் பல, சிதைவை அளந்தாலும் இரைச்சலை அளந்தாலும், எழுபதுகளின் பெரிய செட்டுகளோடு சரிக்குச் சரி நிற்கின்றன. பார்த்து வாங்கினால் தாண்டியும் போகின்றன. எடைக்கும் கதகதப்புக்கும் பிறகு வருகிறேன். இந்தப் பழைய பெட்டிகளுக்குள் நிஜமாகவே ரசிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. வெளியில் தெரியாது என்பதால் விற்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே வேலையை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றிக்கொள்ளும் கணம் அது. ஒரு புல்லாங்குழல் சுரம் ஒலித்தால் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் அது நடந்தாக வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். இரவு எட்டு மணிக்கு வரவேற்பறையில் பாட்டுக் கேட்க எத்தனை வாட் வேண்டும்? நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டிய சத்தம் அது. ஆக, வீட்டில் கேட்கும்போது சராசரி பெரும்பாலும் ஒரு வாட்டைத் தொடுவதே இல்லை. மேளம் விழும் கணங்களுக்கு மட்டும்தான் மீதி வாட்டுகள். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். 70 வாட்டை 140 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அதனால் கடைக்காரர் அடுக்கும் பெரிய எண்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு எதிர்த் திசையில் போவோம். வீணையில் மீட்டிய சுரம் அடங்கிக்கொண்டே வந்து, ஒரு வாட்டிலிருந்து 40 டெசிபல் கீழே இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். அப்போது ஸ்பீக்கருக்குப் போவது வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் உச்சம் 40 மில்லிவோல்ட். இந்த 40-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பின் கடைசிக் கட்டத்தில் மேலே ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், கீழே ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர். அலையின் மேல்பாதியை முதலாவது பார்த்துக்கொள்ளும், கீழ்ப்பாதியை இரண்டாவது. ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் எதுவும் பேஸ் என்ற நுழைவு முனையில் சுமார் 0.6 வோல்ட் ஏறும்வரை கண் திறக்காது. மேலே 0.6, கீழே 0.6. நடுவில் இருக்கும் 1.2 வோல்ட் அகலத்தில் இரண்டுமே தூங்கிக்கொண்டிருக்கும். நம் வீணையின் 40 மில்லிவோல்ட் அந்தத் தூக்கத்துக்குள் போய் விழுந்தால் திரும்பி வராது.

மத்தில் கயிறு சுற்றித் தயிர் கடைவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வலக்கை இழுக்க மத்து ஒரு பக்கம் சுழலும், இடக்கை இழுக்க மறுபக்கம். மேல் டிரான்சிஸ்டர் வலக்கை, கீழ் டிரான்சிஸ்டர் இடக்கை, மத்துதான் ஸ்பீக்கர். இழுக்காத கை கயிற்றைத் தொய்ய விட்டுவிட்டால் என்ன ஆகும்? திசை மாறும் ஒவ்வொரு முறையும், தொய்வு தீரும்வரை மத்து அசையாமல் நிற்கும். கையை வீசி முழ நீளத்துக்கு இழுக்கும்போது இரண்டு விரற்கடைத் தொய்வு ஒரு பொருட்டில்லை. வெண்ணெய் திரளும் நேரத்தில் பாட்டி சிறு சிறு இழுப்பாக மெல்லக் கடைவாளே, அப்போதுதான் வினை. இழுப்பு மொத்தத்தையும் தொய்வே தின்றுவிடும். கை ஆடும், மத்து ஆடாது.

இதற்கு கிராஸ்ஓவர் சிதைவு என்று பெயர். ஆம்பின் மற்றச் சிதைவுகள் பெரும்பாலும் சத்தம் கூடக் கூட வளர்பவை. இது சத்தம் குறையக் குறைய வளரும். காது எப்போது கூர்ந்து கேட்கிறதோ அப்போது வந்து நிற்கும். போதாக்குறைக்கு, அலையின் நடுவில் விழும் இந்த முறிவு ஐந்து, ஏழு, ஒன்பது என்று உயர்ந்த மடங்கு அதிர்வெண்களைக் கிளப்பிவிடுகிறது. மூல சுரத்துக்கு வெகுதூரம் மேலே இருப்பதால் அவற்றைச் சுரம் மறைக்காது. மணலை மென்றது போல நறநறவென்று தனியாகக் கேட்கும்.

மருந்து பாட்டிக்குத் தெரிந்ததுதான். இழுக்காத கையும் கயிற்றை லேசாக விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்களுக்கும் நடுவே அந்த 1.2 வோல்ட்டை முன்கூட்டியே கொடுத்து வைத்துவிட்டால், பாட்டே ஓடாதபோதும் இரண்டின் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இதுதான் பயஸ். இப்படி அமைந்ததே கிளாஸ்-ஏபி. எழுபதுகளின் வீட்டு ஆம்ப்கள் அநேகமாக எல்லாமே இந்த ரகம். இன்னொரு வழியும் உண்டு: இரண்டு கைகளும் எப்போதும் முழுப் பலத்தோடு எதிரெதிராக இழுத்துக்கொண்டே இருப்பது. தொய்வு என்ற பேச்சே கிடையாது, ஆனால் தோள் கழன்றுவிடும். அது கிளாஸ்-ஏ. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969-ல் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அப்படி ஒரு சுற்றைக் கொடுத்தார். 10 வாட் இசைக்காக, சும்மா இருக்கும்போதே ஒரு சேனலுக்குச் சுமார் 30 வாட்டை வெப்பமாக விடும் சுற்று. குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பரவாயில்லை. சென்னை மே மாதத்தில் அதை யார் வீட்டில் வைப்பார்கள்?

விறைப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'கொஞ்சம் கூடுதலாக வைத்தால் இன்னும் இனிமை' என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஹியூலெட்-பேக்கார்டில் இருந்த பெர்னார்ட் ஆலிவர் 1971-ல் அந்த நிறுவனத்தின் இதழில் எழுதிக் காட்டியது இது: ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் எமிட்டரிலும் உள்ள சிறிய ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 26 மில்லிவோல்ட் இருந்தால் கைமாற்றம் மிக வழவழப்பாக நடக்கும். ரெசிஸ்டர் 0.33 ஓம் என்றால் ஓடும் மின்சாரம் 80 மில்லிஆம்பியர் அளவு. குறைந்தால் தொய்வு. கூடினாலும் கெடுதல்தான்: நடுப்பகுதியில் இரண்டு கைகளும் சேர்ந்து மத்தைப் பிடிக்க, கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒரு கை திடீரென்று விட்டுவிட, பிடியின் வலு மாறுவதே ஒரு சிதைவாகிவிடும். அந்த 26 எங்கிருந்து வந்தது தெரியுமா? அறை வெப்பநிலையில் எலெக்ட்ரான்களுக்கு இருக்கும் வெப்பத் துடிப்பை வோல்ட்டில் சொன்னால் அதுதான் எண். ஒரு பாட்டு உடையாமல் கேட்பதற்கும் போல்ட்ஸ்மன் மாறிலிக்கும் நேரடி உறவு!

வெப்பம் என்று சொன்னதும் வில்லன் வந்துவிட்டான். இந்தக் கயிற்றுக்கு ஒரு கெட்ட குணம்: சூடேறினால் சுருங்கும். டிரான்சிஸ்டரின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது விழித்துக்கொள்ளத் தேவையான 0.6 வோல்ட்டில் 2 மில்லிவோல்ட் குறைந்துவிடும். 2 மில்லிவோல்ட் அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் பேஸ் வோல்ட்டேஜில் 60 மில்லிவோல்ட் கூடினால் டிரான்சிஸ்டரின் மின்சாரம் பத்து மடங்காகிறது. எனவே பயஸை அப்படியே நிலையாக வைத்துவிட்டு டிரான்சிஸ்டர்களின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் 30 டிகிரி சூடானால், எமிட்டர் ரெசிஸ்டர்கள் தடுக்காதபட்சத்தில், ஓட்டம் பத்து மடங்கை நோக்கிப் போகும். கூடுதல் ஓட்டம் கூடுதல் சூடு. கூடுதல் சூடு கூடுதல் ஓட்டம். கயிறு இறுக, கை எரிய, கை எரிவதால் கயிறு இன்னும் இறுக, கடைசியில் ஒரு சொடக்குச் சத்தமும் கருகிய வாடையும்.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழியைத்தான் பழைய ஆம்பைத் திறக்கும்போதெல்லாம் தேடிப் பார்க்கிறேன். முள்ளை முள்ளால் எடுப்பது. கடைகயிற்றிலேயே ஒரு முழத்தைத் துண்டாக வெட்டிப் பானைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாள் பாட்டி. துண்டு எவ்வளவு சுருங்கியது என்று ஓரக்கண்ணால் பார்த்து அந்த அளவுக்குப் பிடியைத் தளர்த்துகிறாள். சுற்றில் அந்தத் துண்டுக் கயிறு ஒரு சின்ன டிரான்சிஸ்டர், சில செட்டுகளில் இரண்டு மூன்று டயோடுகள். பெரிய டிரான்சிஸ்டர்கள் உட்கார்ந்திருக்கும் அதே ஹீட் சிங்க்கில் அதையும் திருகி வைத்திருப்பார்கள். அதுவும் சிலிக்கான்தான், அதற்கும் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும். அந்தக் குறைவைப் பெருக்கிப் பயஸ் வோல்ட்டேஜிலிருந்து கழித்துவிட்டால், நோயே மருந்தாகிவிடுகிறது. பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் திருப்பக்கூடிய ஒரு பிரிசெட். பாட்டி முதல் நாள் பிடியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லிவைப்பது அது. மொத்தச் செலவு சில ரூபாய். ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு கண்ணிமைக்கும் நேரத்தில் சூடாகிவிடும். அந்தச் சேதி ஹீட் சிங்க்கின் அலுமினியம் வழியே வேவு பார்க்கும் சின்ன டிரான்சிஸ்டரிடம் வந்து சேர நிமிடங்கள் ஆகும். அதுவரை பிடி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

'எதிர்ப் பின்னூட்டம் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் திருத்திவிடாதா?' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பொறியாளர் ஹரால்ட் பிளாக் 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போகும்போது, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்தில் கிறுக்கிய அற்புதம் அது. வெளியே போவதை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டே இருக்கும். ஆனால் திருத்தச் சொல்லி எவ்வளவு கத்தினாலும், தொய்ந்த கயிற்றின் நுனியில் இருக்கும் மத்துக்கு அது கேட்காது. இரண்டு டிரான்சிஸ்டர்களும் தூங்கும் இடத்தில் பெருக்கமே இல்லை. பெருக்கம் இல்லாத இடத்தில் பின்னூட்டத்துக்கும் கை இல்லை. அதிர்வெண் ஏற ஏற அதன் பலமும் குறையும். அதனால் முதலில் பயஸ், பிறகுதான் பின்னூட்டம்.

வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துக்கொள்கிறேன், தேதிகளால் எந்த ஆம்பும் நன்றாகப் பாடிவிடாது. பொருத்தமான என்பிஎன்-பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் ஜோடி கிடைக்காத காலத்தில், ஆர்சிஏ நிறுவனத்தின் எச்.சி.லின் 1956-ல் ஒரே வகைப் பவர் டிரான்சிஸ்டர் இரண்டை வைத்தே சமாளிக்கும் சுற்றைத் தந்தார். அதில் வலக்கையும் இடக்கையும் ஒரே மாதிரி இழுக்காது. அறுபதுகளின் டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் பலவற்றுக்கு வால்வு ரசிகர்களிடம் கெட்ட பெயர் வந்ததில் இதற்கும் சரியாக வைக்காத பயஸுக்கும் பெரிய பங்குண்டு. விளம்பரத்தில் சிதைவை முழுச் சத்தத்தில் அளந்து போடுவார்கள். நம் தொய்வு அங்கே தெரியாதே! எழுபதுகளில் பொருத்தமான ஜோடிகள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. சால் மராண்ட்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனத்தை 1964-லேயே சூப்பர்ஸ்கோப்புக்கு விற்றுவிட்டார். 2270 வந்தபோது பெட்டியில் இருந்தது அவர் பெயர் மட்டும்தான். 'மேதையின் கைவண்ணம்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடை. எழுபதுகளின் செட்டுகள் கனமாக இருப்பதற்கு இசைமீது கொண்ட காதலைக் காரணமாகச் சொல்வார்கள். ஒரு பெரிய காரணம் அமெரிக்க அரசின் விதி. வாட் எண்ணிக்கையில் நிறுவனங்கள் அளந்த கதைகளைப் பொறுக்க முடியாமல் 1974-ல் அந்நாட்டு வணிக ஆணையம் தலையிட்டது. இத்தனை வாட் என்று விளம்பரம் செய்தால் அதைத் தொடர்ந்து தர வேண்டும்; அதற்கு முன்னால் எல்லாச் சேனல்களையும் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். இந்த மூன்றில் ஒரு பங்குதான் குசும்பான இடம். கிளாஸ்-ஏபி ஆம்ப் மிக அதிகமாகச் சூடாவது முழுச் சத்தத்தில் இல்லை, சுமார் 40 சதவீத சக்தியில். விதி கிட்டத்தட்ட அந்த நரகத்தின் வாசலிலேயே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டது. தப்பிக்க ஒரே வழி பெரிய ஹீட் சிங்க், பெரிய டிரான்ஸ்ஃபார்மர். பிறகு அந்தக் கனத்தையே பெருமையாக்கிப் போட்டியில் இறங்கினார்கள். பயனீர் எஸ்எக்ஸ்-1250 (1976) சேனலுக்கு 160 வாட். இரண்டே ஆண்டுகளில் எஸ்எக்ஸ்-1980 வந்து 270 வாட் என்றது, 35 கிலோ எடையோடு. 2000-ல் அந்தச் சூடேற்றலை எட்டில் ஒரு பங்கு சக்தியாகத் தளர்த்தினார்கள். அதே 1974 விதியில் இன்னொரு வரியும் இருந்தது: சிதைவு எண்ணை முழு சக்திக்கு மட்டும் சொன்னால் போதாது, 250 மில்லிவாட் முதல் சொல்ல வேண்டும். மெல்லிய சத்தத்தில் ஒளிந்திருக்கும் தொய்வைக் கண்டுபிடிக்க வந்த வரி அது. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் விஷயம் தெரிந்தவர். நம் ஊரில் பிளாஸ்டிக் பெட்டிமேல் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ வாட்' ஒட்டி விற்ற காலத்தில் அப்படி ஒருவர் இல்லாமல் போனார். அந்தப் பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் மின் நுகர்வைப் பார்த்தாலே குட்டு உடைந்திருக்கும்.

பயஸ் என்ற தலைவலியே வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் வாக்கர். பாட்டியின் உவமையை இன்னும் ஒருமுறை இழுக்கிறேன், கயிறு தாங்கட்டும். 1975-ல் வந்த குவாட் 405-ல் இரண்டு பெரிய கைகளும் தாராளமாகத் தொய்யவிடலாம். மத்தின் தலையை ஒரு பேரன் விரல்களால் எப்போதும் பிடித்திருக்கிறான். பலம் கிடையாது, ஆனால் துல்லியம் உண்டு. கயிறு தொய்யும் அந்தக் கணத்தில் அவன் விரல்கள் மத்தைச் சரியான அளவுக்குத் திருப்பிவிடும். கயிறு விறைத்ததும் பாரத்தைக் கைகளிடம் விட்டுவிடும். பேரன் சிறிய கிளாஸ்-ஏ ஆம்ப். கைகள் பயஸே இல்லாத பெரிய டிரான்சிஸ்டர்கள். நான்கு உறுப்புகள் கொண்ட ஒரு பாலத்தின் மதிப்புகள் சரியாகப் பொருந்தினால் கைமாற்றப் பிழை தானாகவே கழிந்துவிடும். திருப்ப வேண்டிய பிரிசெட் இல்லை, ஆண்டுகள் ஓடி அது நகர்ந்துவிடும் என்ற கவலையும் இல்லை. பழைய ஆம்ப் வாங்குபவர்களில் பராமரிப்புக்குப் பயப்படுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கதகதப்புக்கு வருவோம். பழைய செட்டில் பாட்டு 'உருண்டு திரண்டு' கேட்பதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. முகப்பில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் குறைந்தால் காது பாஸைக் கேட்காமல் விடுகிறது என்று 1933-ல் ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். அதைச் சரிக்கட்ட, குறைந்த சத்தத்தில் பாஸைத் தூக்கிவிடும் பொத்தான் அது. பல நேரம் கதகதப்பின் பெரும் பகுதி அந்தப் பொத்தானிலும், பாஸ் குமிழை யாரோ திருப்பி வைத்த கோணத்திலும் இருக்கும். போன் செயலியில் ஈக்வலைசரைத் தொட்டால் செலவில்லாமல் கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்த சாட்சி ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர். 1985-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோஃபைல்' இதழ்க்காரர்களிடம் சவால் விட்டார்: நீங்கள் கொண்டாடும் விலையுயர்ந்த ஆம்ப் எதைக் கொடுத்தாலும், என் மலிவு டிரான்சிஸ்டர் ஆம்பை அதே போல ஒலிக்க வைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் கேட்காமல் போகும்வரை தன் ஆம்பைத் திருத்திக்கொண்டே போனார். முடிவில் எது எது என்று இதழ்க்காரர்களால் சொல்ல முடியவில்லை. மந்திரம் எதுவும் கழிபடாமல் மிஞ்சவில்லை.

வாங்கத் துணிந்துவிட்டீர்கள் என்றால், ஐம்பது வயதுப் பெட்டியில் எது கெட்டிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் அநேகமாகக் கெடாது. டிரான்சிஸ்டரும் யாரும் வதைக்காவிட்டால் கெடாது. கெடுவது இரண்டு: எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களும், நம் பயஸ் பிரிசெட்டும். கண்டன்சருக்குள் அலுமினியத் தாளின்மேல் படிந்த ஆக்சைடு ஏடுதான் எல்லாம். ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர்கூட வராத தடிமன். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பரணில் கிடந்தால் அந்த ஏடு அங்கங்கே கரைந்துவிடும். அப்படிக் கிடந்த செட்டை நேராகப் பிளக்கில் சொருகுவது கொலை. மெதுவாக மின்சாரம் காட்டினால் ஏடு மறுபடி படியும், அதற்குக் கண்டன்சருக்குள் ஈரம் மிச்சமிருக்க வேண்டும்.

எந்த ஊர் மெக்கானிக்கிடமும் இருக்கும் சீரிஸ் லாம்ப்தான் முதல் சோதனை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டோடு தொடராக இணைப்பது. 230 வோல்ட்டில் முழுதாக எரியும் பல்புக்கு 529 ஓம் தடை. அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. செட் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும், செட்டுக்குக் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் போகும். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு பிரகாசமாக எரிந்து, அத்தனை வோல்ட்டையும் தானே வாங்கிக்கொண்டு செட்டைக் காப்பாற்றும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. கடைகளில் குண்டு பல்பு கிடைக்கும்போதே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வோல்ட்டேஜ். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட், ஜப்பானில் விற்றது 100 வோல்ட். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர்கள் தூக்கி வந்தவை பெரும்பாலும் பின்னால் வோல்ட்டேஜ் தேர்வுக் கட்டை வைத்த ஏற்றுமதி மாடல்கள்; அது 220 அல்லது 240-ல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று எழுதிய அமெரிக்கச் செட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் தீராது. நம் 50 ஹெர்ட்ஸில் இரும்புக்குள் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சூடும் உறுமலும் அதன் கூலி.

செட்டை ஆன் செய்த சில வினாடிகளில் 'டக்' என்று ரிலே விழுந்தால் பாதுகாப்புச் சுற்று உயிரோடு இருக்கிறது (ரிலே இல்லாத மாடல்களும் உண்டு). ஸ்பீக்கர் முனைகளில், ஸ்பீக்கரை மாட்டாமல், மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சில் போய்விடும். பயப்பட வேண்டியது முன்பு யாரோ 'ரிப்பேர்' செய்த செட்டுக்கு. எரிந்த டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டு, வேவு பார்க்கும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்கில் திருப்பித் திருகாமல் அந்தரத்தில் விட்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் நன்றாகப் பாடும். இரண்டாவது மணி நேரத்தில் கயிறு இறுகும். பழைய உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களில் போலிகளும் ஏராளம்: மேலே பெரிய நிறுவனத்தின் எழுத்து, உள்ளே கடுகளவு சில்லு.

பயஸ் பிரிசெட் ஒரு கரித்தடமும் அதன்மேல் ஊரும் ஒரு தகரக் காலும்தான். ஐம்பது ஆண்டுத் தூசியில் அந்தக் கால் தொடர்பு விட்டால், நல்ல வடிவமைப்பில் பயஸ் இறங்கிவிடும், பாட்டு நறநறக்கும், அவ்வளவுதான். மோசமான வடிவமைப்பில் பயஸ் உச்சத்துக்கு ஏறி டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடும். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பல சுற்று சுற்றும் புதிய பிரிசெட்டைப் போட மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் அதன் விலை ஒரு காப்பிக்குக் கொடுப்பதற்கு மேல் போகாது. பிறகு செட்டை இருபது நிமிடம் சூடாக விட்டு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன மில்லிவோல்ட்டை எமிட்டர் ரெசிஸ்டரில் அளந்து வைக்க வேண்டும், இரண்டு சேனல்களிலும். குளிர்ந்த செட்டில் வைத்த பயஸை நம்ப முடியாது. நீங்களே திறந்து பார்க்க ஆசைப்பட்டால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்னேற்றம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கோவை வாசகருக்கு என் தீர்ப்பு இது. விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: சூடான நிலையில் இரண்டு சேனல்களின் பயஸ், ஸ்பீக்கர் முனையில் டிசி, பவர் சப்ளைக் கண்டன்சர்களை மாற்றிய ஆண்டு. மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உங்கள் மல்டிமீட்டரில் காட்டவும் செய்தால் பேரத்தைத் தொடங்கலாம். ஒரு லட்சம் அப்போதும் அதிகம்தான், ஆனால் ஆசைக்கு விலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 'பாட்டைக் கேட்டுப் பாருங்கள் சார், எண் எதற்கு' என்றாரானால், மரப்பெட்டிக்கு மட்டும் ஒரு விலை சொல்லிவிட்டு வாருங்கள்.